தபால் காசு யார் தலையில்?

ஸ்டாம்ப் ஒட்டாமல் வந்த கடிதத்தைத் தபால்காரர் லேசில் கையில் கொடுத்துவிட மாட்டார். “பேரிங் வந்திருக்கு” என்று வாசலிலேயே நின்றுகொள்வார். கட்டணத்தைப்போல இரண்டு மடங்கு எடுத்து வைத்தால்தான் உறை கைமாறும். அதற்குள் வீட்டில் ஒரு விசாரணையே நடந்து முடிந்திருக்கும். எந்த ஊர் முத்திரை, யார் எழுதியது, கையெழுத்து பெரியப்பா மகனுடையதுதானா? தெரிந்த கையெழுத்தென்றால் திட்டிக்கொண்டே காசு கொடுப்பார்கள். தெரியாத கையெழுத்தென்றால் கடிதம் வந்த வழியே திரும்பிப் போகும்.

நமக்கு இது அபூர்வமாக நடந்த கூத்து. ஆனால் ஒரு காலத்தில் இதுதான் சட்டம். 1840க்கு முன் பிரிட்டனில் கடிதத்துக்குப் பெரும்பாலும் பெறுகிறவர்தான் காசு கொடுத்தார். தாள் எண்ணிக்கைக்கும் தூரத்துக்கும் ஏற்பக் கட்டணம் ஏறும். லண்டனிலிருந்து எடின்பரோவுக்கு ஒற்றைத் தாள் கடிதம் போக ஒரு ஷில்லிங்குக்கு மேல் ஆனது. ரோலண்ட் ஹில் என்பவர் 1837இல் வெளியிட்ட சிறு நூலில், அந்தக் கடிதத்தைச் சுமந்து செல்லும் அசல் செலவு ஒரு பென்னியில் 36இல் ஒரு பங்குதான் என்று கணக்குப் போட்டுக் காட்டினார். மக்களும் சும்மா இருக்கவில்லை. உறையின் மேலேயே ரகசியக் குறி போட்டு அனுப்புவார்கள். பெறுகிறவர் குறியைப் பார்த்து விஷயத்தைத் தெரிந்துகொண்டு, “எனக்கு வேண்டாம்” என்று உறையைத் திருப்பித் தந்துவிடுவார். அஞ்சல் துறைக்கு நடைக்கூலி மட்டும் நஷ்டம்.

ஹில்லின் வாதப்படி 1840 ஜனவரி 10 முதல் தூரம் எவ்வளவானாலும் ஒரு பென்னி என்றானது. அனுப்புகிறவர் முன்கூட்டியே கட்ட, மே மாதம் கறுப்பு நிறப் பென்னி ஸ்டாம்ப் வந்தது. இந்தியாவில் 1854இல் அரையணா ஸ்டாம்ப் அதே வழியில் வந்தது. ஸ்டாம்ப் இல்லாவிட்டால் பெறுகிறவரிடம் இரட்டிப்பு வசூல். ஆனாலும் முன்பணம் கட்டிய கடிதத்தைவிட பேரிங் கடிதமே பத்திரமாகப் போய்ச் சேரும் என்று அந்தக் காலத்தில் பலர் நம்பினார்கள். காசு வசூலிக்க வேண்டுமே, தபால்காரர் எப்படியும் ஆளைத் தேடிப் பிடித்துவிடுவார் அல்லவா!

அனுப்புகிறவர் காசு கொடுத்தால் வேண்டாத கடிதம் குறையும் என்பவர்கள் ஒரு எண்ணைப் பார்க்க வேண்டும். பிரிட்டனில் 1839இல் ஏறக்குறைய 7.6 கோடியாக இருந்த கடிதங்கள் 1840இல் 16.9 கோடியாயின. கட்டணம் மலிந்ததும் வணிகர்கள் சுற்றறிக்கைகளாக அடித்து அனுப்பித் தள்ளினார்கள். இன்றும் அமெரிக்க அஞ்சல் துறை சுமக்கும் தபாலில் பாதிக்கு நெருக்கமானது விளம்பரம்தான். ஸ்டாம்ப் விளம்பரத்தை ஒழிக்கவில்லை. அனுப்புவதற்கு முன் ஒரு கணக்குப் போட வைத்தது, அவ்வளவுதான். ஆயிரம் உறைக்கு இவ்வளவு செலவு, அதில் பத்துப் பேராவது வாங்குவார்களா என்ற கணக்கு.

மின்னஞ்சல் அந்தக் கணக்கைத்தான் கிழித்துப் போட்டது.

1978 மே 3 அன்று, டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷன் என்ற கணினி நிறுவனத்தின் விற்பனைப் பிரிவைச் சேர்ந்த கேரி துயெர்க், ஆர்ப்பாநெட் வலையில் இருந்த ஏறக்குறைய 400 முகவரிகளுக்கு ஒரே அழைப்பை அனுப்பினார். கலிஃபோர்னியாவில் புதுக் கணினியைக் காட்டப்போகிறோம், வந்து பாருங்கள் என்று. முகவரிகள் அதற்கான இடத்தில் அடங்காமல் கடிதத்தின் உடலுக்குள்ளேயே வழிந்துவிட்டன. பலர் கொதித்தார்கள், வலையை நடத்தியவர்கள் கண்டித்தார்கள். ஆனால் அந்த மடலால் வியாபாரம் நன்றாக நடந்தது என்று துயெர்க் பிற்பாடு பெருமையாகச் சொல்லிக்கொண்டார். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் பிறகு வந்த 40 ஆண்டுகளின் கதை மொத்தமும் அதில் அடக்கம்.

நம்மூரில் 1995 ஆகஸ்ட் 15 அன்று அரசு நிறுவனமான விஎஸ்என்எல் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்துவிட்டது. அன்றைய வேண்டாத மடலுக்கு நாம் நிஜமாகவே காசு கொடுத்தோம் என்பதை இன்றைய பிள்ளைகள் நம்ப மாட்டார்கள். டயல்-அப் இணைப்பில் ஒவ்வொரு நிமிடத்துக்கும் தொலைபேசிக் கட்டணம் ஓடும். பிரவுசிங் சென்டரில் மணிக்கணக்குக் காசு. அவுட்லுக் எக்ஸ்பிரஸ் ஒவ்வொரு மடலாக இழுத்துக்கொண்டிருக்கும்போது, அதில் பாதி எடை குறைக்கும் மாத்திரையும் நைஜீரிய இளவரசரின் சொத்தும் என்று தெரிந்தாலும் நிறுத்த வழியில்லை. ஹாட்மெயிலில் மொத்தமே 2 எம்பி இடம். நாலு நாள் பார்க்காமல் விட்டால் குப்பையால் பெட்டி நிரம்பி, நேர்காணலுக்கு வரச் சொல்லும் கடிதம் முட்டித் திரும்பிவிடும். ரோலண்ட் ஹில் ஓரங்கட்டிய பேரிங் ஏற்பாடு கணினிக்குள் மறுபிறவி எடுத்திருந்தது. ஒரே வித்தியாசம், இதில் வேண்டாம் என்று திருப்பித் தர முடியாது. காசு போன பிறகுதான் உறையே கண்ணில் படும்.

அனுப்புகிறவனுக்கு எவ்வளவு வரவு? இதற்குத் துல்லியமான விடை 2008இல் கிடைத்தது. கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ, பெர்க்லி வளாகங்களைச் சேர்ந்த ஆய்வாளர்கள், ‘ஸ்டார்ம்’ எனப்பட்ட திருட்டுக் கணினி வலைக்குள் புகுந்து அது அனுப்பும் மடல்களின் போக்கைக் கவனித்தார்கள். மருந்து விற்கும் மடல்கள், 26 நாளில் ஏறக்குறைய 35 கோடி. வாங்குவதற்கான கடைசிப் படி வரை வந்தவர்கள் 28 பேர். அவர்கள் வாங்க முனைந்த சரக்கின் மதிப்பு 2,700 டாலர் சொச்சம். ஒரு மடலுக்கு ஒரு சென்ட் வசூலித்திருந்தால் அந்த வியாபாரிக்கு 35 லட்சம் டாலர் செலவாகியிருக்கும். ஒரு சென்ட் வேண்டாம், பத்தில் ஒரு பங்கு சென்ட் வைத்தாலும் மூன்றரை லட்சம். எந்த மடையனும் அந்தத் தொழிலில் இறங்க மாட்டான். நாளைக்கு நாலு கடிதம் எழுதும் நமக்கோ, மடலுக்கு ஒரு சென்ட் என்றாலும் மாதத்துக்கு ஒரு டாலரைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான்.

கணக்கு இவ்வளவு சுத்தமாக இருப்பதால்தான் யோசனை மீண்டும் மீண்டும் வந்தது. முதலில் வந்தவர்கள் காசே கேட்கவில்லை. 1992இல் கணினி அறிவியலாளர்கள் சிந்தியா டுவொர்க்கும் மோனி நவோரும், அனுப்புகிறவரின் கணினி சற்று நேரம் உழைத்து ஒரு புதிரை விடுவிக்கட்டும் என்றார்கள். 1997இல் ஆடம் பேக் அதையே ‘ஹாஷ்கேஷ்’ என்று செய்து காட்டினார். அனுப்புகிறவரின் கணினி, பெறுகிறவரின் முகவரியையும் தேதியையும் ஒரு சீரற்ற எண்ணையும் சேர்த்து அரைக்கும். வரும் விடையின் முதல் 20 பிட்டுகளும் பூஜ்யமாக இருக்க வேண்டும். இல்லையென்றால் எண்ணை மாற்றி மறுபடி அரைக்க வேண்டும். சராசரியாகப் பத்து லட்சம் தடவை அரைத்தால் ஒரு ஸ்டாம்ப் கிடைக்கும். பெறுகிற பக்கத்தில் சரிபார்க்க ஒரே தடவை போதும். ஒரு முகவரிக்குச் செய்த ஸ்டாம்பை இன்னொருவருக்கு ஒட்ட முடியாது. ஸ்டாம்புக்கு ஒரு விநாடி என்று வைத்துக்கொண்டால் நமக்குத் தெரியவே தெரியாது. பத்து லட்சம் பேருக்கு அனுப்புகிறவனுக்கோ ஒரு கணினியில் பதினொன்றரை நாள்.

அழகான ஏற்பாடு. மின்னஞ்சலில் அது வேரூன்றவில்லை. ஆனால் 2008இல் சடோஷி நகமோட்டோ எழுதிய பிட்காயின் கட்டுரை இந்த ஹாஷ்கேஷைச் சுட்டுகிறது. குப்பை மடலைத் தடுக்கச் செய்த பூட்டு, உலகின் மின்சாரத்தைக் குடிக்கும் நாணய ஆலையாகிப்போனது. பெற்றவர்கள் நினைத்துப் பார்த்திருக்க மாட்டார்கள்.

காசு கேட்ட யோசனைகளில் மிக நாகரிகமானது, தீட் லோடர், மார்ஷல் வான் ஆல்ஸ்டைன், ரிக் வாஷ் ஆகிய மூவர் 2004 வாக்கில் முன்வைத்தது. முன்பின் தெரியாதவர் எழுதினால் ஒரு சிறு தொகையை ஜாமீனாக வைக்க வேண்டும். கடிதம் உங்களுக்குப் பிடித்திருந்தால் ஜாமீனைத் திருப்பிவிடலாம். உங்கள் நேரத்தை வீணடித்துவிட்டார் என்றால் காசு உங்களுக்கு. ஏற்கெனவே தெரிந்தவர்களுக்குச் செலவே இல்லை. பழைய பள்ளித் தோழன் எழுதினால் அவனும் அஞ்ச வேண்டியதில்லை, காசு திரும்பிவிடும். அதே 2004 ஜனவரியில் டாவோஸ் மாநாட்டில் பில் கேட்ஸ் இதே ரக யோசனையைச் சொல்லி, இரண்டே ஆண்டில் ஸ்பேம் பிரச்சினை தீர்ந்துவிடும் என்றும் அறிவித்தார். அந்த இரண்டு ஆண்டு இன்னும் முடியவில்லை.

ஏன் நடக்கவில்லை? முதல் காரணம், திருடன் தன் பணத்தில் ஸ்டாம்ப் வாங்குவதில்லை. வைரஸ் புகுந்த ஊரார் கணினிகளிலிருந்துதான் குப்பை கிளம்புகிறது. உழைப்பைக் கேட்டால் அந்தக் கணினி உழைக்கும். காசைக் கேட்டால் அந்தக் கணினிக்காரரின் பை காலியாகும். பென் லாரி, ரிச்சர்ட் கிளேட்டன் இருவரும் 2004இலேயே இதைக் கணக்கிட்டு, திருடனைத் தடுக்கும் அளவுக்குப் புதிரைக் கடினமாக்கினால் நியாயமாக அனுப்புகிறவர்களும் மாட்டிக்கொள்வார்கள் என்று காட்டினார்கள். அடுத்தது, கடைத்தெருவில் இருப்பதுபோல மின்னஞ்சலுக்கு ஓர் அஞ்சலகம் கிடையாது. யார் ஸ்டாம்ப் அடிப்பது, யார் விற்பது, எந்த நாட்டுக் காசில்? அரை சென்ட்டை வசூலிக்கும் செலவு அரை சென்ட்டைவிட அதிகம்.

அதைவிடப் பெரிய தடை மக்களின் மனசு. 1999 முதல் அமெரிக்காவில் ஒரு சங்கிலி மடல் சுற்றியது. ‘602பி’ என்ற மசோதா வரப்போகிறது, ஒவ்வொரு மின்னஞ்சலுக்கும் 5 சென்ட் வரி, உடனே எல்லோருக்கும் அனுப்புங்கள் என்று. அப்படி ஒரு மசோதா கிடையவே கிடையாது. ஆனால் 2000இல் நியூயார்க் செனட் தேர்தல் விவாதத்தில் ஹிலாரி கிளின்டனிடமும் ரிக் லாசியோவிடமும் இதைப் பற்றிக் கேள்வியே கேட்டுவிட்டார்கள். இல்லாத மசோதாவை இருவரும் உறுதியாக எதிர்த்தார்கள்! இலவசமாக வந்த ஒன்றுக்கு விலை என்ற பேச்சு எடுத்தாலே என்ன நடக்கும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

நிஜமாகவே விலை வந்தது 2006இல். குட்மெயில் என்ற நிறுவனம் ஏஓஎல், யாஹூ இரண்டோடும் சேர்ந்து ஒரு திட்டம் போட்டது. மடலுக்குக் கால் சென்ட் முதல் ஒரு சென்ட் வரை கட்டும் நிறுவனங்களின் கடிதம், வடிகட்டியில் மாட்டாமல் தனி முத்திரையோடு நேராக இன்பாக்ஸுக்குப் போகும். வசூலில் ஒரு பங்கு அஞ்சல் பெட்டி நடத்துகிற நிறுவனத்துக்கு. இணைய உரிமைகளுக்காகப் போராடும் எலெக்ட்ரானிக் ஃபிரான்டியர் ஃபவுண்டேஷன் உள்ளிட்ட பல அமைப்புகள் திரண்டு எதிர்த்தன. பணக்காரனுக்கு ஒரு வரிசை, ஏழைக்கு ஒரு வரிசை என்றாகும், காசு தராதவர்களின் கடிதத்தை ஒழுங்காகக் கொண்டுசேர்க்கும் அக்கறை குறைந்துவிடும் என்பது அவர்கள் வாதம். தொழில்நுட்ப விமர்சகர் எஸ்தர் டைசன் போன்றோர், அனுப்புகிறவர் காசு கொடுப்பதே நியாயம், போட்டி மற்றதைப் பார்த்துக்கொள்ளும் என்றார்கள். 2011இல் குட்மெயில் கடையைக் கட்டியது.

என்னைக் கேட்டால் இரு தரப்பும் சொன்னது சரிதான், குட்மெயில்தான் தப்பு. அது முன்பின் தெரியாதவனிடம் கேட்ட ஜாமீன் அல்ல. வங்கிக்கும் பெரிய கடைக்கும் விற்ற நுழைவுச் சீட்டு. பத்தாயிரம் உறுப்பினர் உள்ள ஒரு நோயாளிகள் சங்கம், மடலுக்கு ஒரு சென்ட் என்றால் ஒவ்வொரு முறையும் 100 டாலர் எண்ணி வைக்க வேண்டும். எவருடைய நேரம் போகிறதோ அவருக்கு அதில் சல்லிக்காசு கிடையாது.

பெறுகிறவருக்கே காசு என்று பிடிவாதமாக முயன்றவர்களும் உண்டு. தமிழ்க் குடும்பத்தில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்த பாலாஜி ஸ்ரீனிவாசன் நடத்திய எர்ன்.காம் அதில் ஒன்று. நமக்கு எழுத இவ்வளவு என்று நாமே விலை வைக்கலாம், பதில் எழுதினால் அந்தக் காசு நமக்கு. 2018இல் கிரிப்டோ நிறுவனமான காயின்பேஸ் அதை வாங்கியது. பெயரின் ஒரு பாதி மட்டும் கிரிப்டோ பாடம் படித்தால் பரிசு என்ற வேறொரு சேவையில் மிஞ்சியது.

இதற்கிடையே இந்தியாவில் ஒரு பெரிய பரிசோதனை நடந்ததை நாமே மறந்துவிட்டோம். 2011 செப்டம்பரில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் ஒரு சிம்முக்கு ஒரு நாளைக்கு 100 எஸ்எம்எஸ் என்று வரம்பு கட்டியது. பிறகு அது 200 ஆனது, வழக்கும் நடந்தது. 2012 முடிவில் வேறு வழிக்கு வந்தார்கள்: நாளைக்கு 100க்கு மேல் போனால் ஒவ்வொன்றுக்கும் குறைந்தது 50 பைசா. குப்பைக்குக் கட்டணம் என்ற யோசனையை ஒரு பெரிய நாடே அமல்படுத்தியது. டெலிமார்க்கெட்டிங்காரன் பத்து சிம் வாங்கிக்கொண்டான். மாட்டியவர்கள் விடிய விடிய எஸ்எம்எஸ்ஸில் பேசிக்கொண்டிருந்த கல்லூரிப் பிள்ளைகள். 2020இல் அந்த 50 பைசா விதியை டிராயே எடுத்துவிட்டது. அனுப்பும் நிறுவனமும் வாசகமும் முன்பதிவாக வேண்டும் என்ற ஏற்பாடு இன்று அந்த வேலையைச் செய்கிறது.

இன்று மின்னஞ்சல் எப்படி இருக்கிறது? ஸ்டாம்ப் இல்லாமலே இன்பாக்ஸ் பெரும்பாலும் சுத்தம். 2002இல் பால் கிரஹாம், சொற்களின் புள்ளிவிவரத்தை வைத்தே குப்பையைப் பிரிக்கலாம் என்று எழுதினார். 2004இல் 1 ஜிபி இடத்தோடு ஜிமெயில் வந்தது. ஒரு நாளைக்கு ஏறக்குறைய 1,500 கோடி வேண்டாத மடல்களைத் தடுப்பதாக கூகுள் சொல்கிறது. அனுப்புவதை யாரும் நிறுத்தவில்லை. நம் கண்ணில் படாமல் வேறொருவர் அள்ளிக் கொட்டுகிறார்.

2024 பிப்ரவரி முதல் கூகுளும் யாஹூவும் சேர்ந்து கட்டணத்துக்குப் பதிலாக நடத்தைச் சான்றிதழ் கேட்கின்றன. ஜிமெயிலுக்கு நாளைக்கு 5,000 மடலுக்கு மேல் அனுப்புகிறவர் தம் அடையாளத்தை நிரூபிக்க வேண்டும், ஒரே சொடுக்கில் விலகும் வசதி தர வேண்டும், ஸ்பேம் என்ற புகார் ஆயிரத்துக்கு மூன்றைத் தொடக் கூடாது. திருடன் ஊரார் பணத்தில் ஸ்டாம்ப் ஒட்டலாம், நல்ல பெயரை ஊராரிடம் அவ்வளவு எளிதாகத் திருட முடியாது. அதனால் இது வேலை செய்கிறது. ஆனால் யாருடைய நடத்தை நல்லது என்று தீர்ப்பெழுதும் உரிமை ஓரிரு நிறுவனங்களிடம் போய்விட்டது. ஒரு சிற்றிதழ் தன் வாசகர்களுக்கு மடல் அனுப்ப இன்று அதற்கென உள்ள சேவைக்கு மாதச் சந்தா கட்டுகிறது. அதுவும் தபால் காசுதான், வேறு பெயரில்.

கட்டணம் வெளிப்படையாகவே ஜெயித்தது மின்னஞ்சலுக்கு வெளியே, தனியார் மதிலுக்குள். லிங்க்ட்இன்னில் முன்பின் தெரியாதவருக்கு எழுத இன்மெயில் என்ற கட்டணச் சீட்டு வேண்டும். 2015 முதல் அதன் விதி சுவாரஸ்யமானது. 90 நாளுக்குள் பதில் வந்தால் சீட்டு திரும்பக் கிடைக்கும், வராவிட்டால் போச்சு. ஏறக்குறைய அந்த மூவர் சொன்ன ஜாமீன்! பறிமுதலான ஜாமீன் மட்டும் எரிச்சல்பட்டவருக்கு வராமல் லிங்க்ட்இன்னிடமே தங்கிவிடுகிறது. வாட்ஸ்அப் கதை இன்னும் நெருக்கமானது. நகைக்கடையும் கடன் செயலியும் உங்களுக்கு அனுப்பும் ஒவ்வொரு விளம்பரச் செய்திக்கும் வாட்ஸ்அப்பின் உரிமையாளரான மெட்டாவுக்குக் காசு கட்டுகின்றன. செய்தி குறைந்ததா? ஆடித் தள்ளுபடி நேரத்தில் போனைத் திறந்து பாருங்கள். வாசல்காரனுக்குக் காசு போகும்வரை, வருகிற கூட்டத்தைக் குறைக்க அவனுக்கு என்ன அவசரம்?

பழைய தடைகளில் ஒன்று, நம் நாட்டிலாவது, உடைந்துவிட்டது. ஒரு ரூபாய் அனுப்ப யுபிஐயில் தனிச் செலவு கிடையாது. குப்பையின் தரமும் மாறிவிட்டது. முன்பெல்லாம் மோசடி மடலை அதன் கொச்சை மொழியே காட்டிக் கொடுத்துவிடும். இப்போது செயற்கை நுண்ணறிவு இயந்திரம் உங்கள் பெயர், வேலை, ஊர் எல்லாம் சேர்த்து ஆளுக்கொரு கடிதமாகப் பிழையில்லாத் தமிழில் எழுதிவிடுகிறது. ஒரே கடிதம் லட்சம் பேருக்குப் போனால் பிடிப்பது எளிது. லட்சம் பேருக்கு லட்சம் கடிதம் என்றால் வடிகட்டி திணறும். எனவே ஜாமீன் யோசனையை மறுபடி எடுத்துப் பார்க்கலாம் என்பேன், ஒரே நிபந்தனையோடு: அந்தக் காசு வாசிக்கிறவர் கணக்குக்கு வர வேண்டும். நடுவில் இருப்பவர் கைக்குப் போகும் எந்தத் திட்டமும் குப்பையைக் குறைக்காது, குப்பைக்கு அங்கீகாரம்தான் தரும்.

அதுவரை கையில் இருப்பதைப் பயன்படுத்துங்கள். வேண்டாத மடலைச் சும்மா அழிக்காமல் ‘ஸ்பேம்’ என்று குறித்துவிட்டு அழியுங்கள், அந்த ஆயிரத்துக்கு மூன்று கணக்கில் அது சேரும். வேண்டாத அழைப்புக்கும் எஸ்எம்எஸ்ஸுக்கும் 7 நாளுக்குள் 1909 என்ற எண்ணில் புகார் செய்யலாம். வாட்ஸ்அப் விளம்பரத்துக்கு அந்த எண் செல்லாது. அங்கே பிளாக், ரிப்போர்ட் பொத்தான்கள்தான்.